இரண்டு மீனை வைத்துக் குளத்தை எண்ண முடியாது

ஒருவர், தோட்டத்துக் குளத்தில் எத்தனை மீன் என்று அறிய, 50 திலாப்பியா மீனுக்கு அடையாளமிட்டு விட்டு, மறுபடி 50 பிடித்ததில் 2-இல் அடையாளம் இருந்ததால் "மொத்தம் 1,250, எந்தக் குளத்துக்கும் 50 போதும்" என்கிறார். பெருக்கல் (அடையாளமிட்டது 50 × மறுபடி பிடித்தது 50 ÷ அடையாளத்தோடு திரும்பியது 2) சரி, முடிவு தவறு.

அந்த 2-ஐக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். வலையில் இன்னொன்று விழுந்து 3 ஆனால் விடை 833. ஒன்று நழுவி 1 ஆனால் 2,500! 95 விழுக்காட்டு நம்பக எல்லை (உண்மை எண்ணிக்கை இருக்கக்கூடிய வரம்பு) ஏறக்குறைய 350-இலிருந்து 10,000-ஐயும் தாண்டுகிறது. கவனிக்க வேண்டியது பிடித்த எண்ணிக்கை அல்ல, திரும்பி வந்த அடையாள மீன்களின் எண்ணிக்கை. குறைந்தது 7 வராவிட்டால் கணக்கை நம்ப வேண்டாம். குளத்தில் சுமார் 1,000 இருக்கும் என்று தோன்றினால், 200-க்கு அடையாளமிட்டு, 200 திரும்பப் பிடியுங்கள். ஏறக்குறைய 40 அடையாள மீன் திரும்பும்; பிழை கூட்டியோ குறைத்தோ 25 விழுக்காட்டுக்குள் நிற்கும்.

திரும்பியவை குறைவென்றால் சாப்மன் சூத்திரமே நல்லது; அது மூன்று எண்ணிலும் ஒன்றைக் கூட்டிக் கணக்கிட்டு, விடையில் ஒன்றைக் கழிக்கும்: (50+1)×(50+1)÷(2+1)−1 = 866.

அடையாளத்துக்கு வயிற்றுத் துடுப்பின் நுனியை மட்டும் வெட்டுங்கள். முரட்டுத்தனமாகக் கையாண்டு மீன் செத்தால் அடையாளம் குறைந்து, கணக்கு வீங்கும். விட்ட கரையிலேயே மறுநாள் வலை வீசினால் நேர்மாறு: அவையே மறுபடி மாட்டும், கணக்கு சுருங்கும். சில நாள் கலக்க விட்டு, எல்லாக் கரையிலும் வீசுங்கள். இடையில் கனமழையில் குளம் வழிந்தோடினால் முதலிலிருந்து தொடங்குங்கள்.