விடை சரி, நான்காம் வரி தப்பு

நேற்றிரவு, 2024 ஜனவரி 1 அன்று, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் அரையிறுதியான ரோஸ் பவுல் ஆட்டம் முடிந்ததிலிருந்து எங்கள் பகுதிக் குழுக்கள் எல்லாவற்றிலும் வாழ்த்து மழை. மிச்சிகன் 27, அலபாமா 20, அதுவும் கூடுதல் நேரத்தில். நானும் கத்தினேன். மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மிச்சிகன் பல்கலைக்கழகம் இதற்கு முன் ரோஸ் பவுலில் ஜெயித்தது 1998 ஜனவரி 1 அன்று. இருபத்தாறு ஆண்டுகள்! இடையில் மூன்று முறை அந்த ஆட்டம் நடக்கும் பசடேனாவுக்குப் போனார்கள், மூன்று முறையும் தோற்றுத் திரும்பினார்கள். ஆகவே இன்று காலை யாருக்கும் குறை பேச மனம் வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை, 8ஆம் தேதி, ஹூஸ்டனில் வாஷிங்டனுடன் தேசிய இறுதிப் போட்டி இருக்கிறது. சொல்ல வேண்டியதை இந்த வாரமே சொல்லிவிட வேண்டும்.

என் அப்பா கணக்கு ஆசிரியர். காலாண்டு, அரையாண்டு முடிந்தால் சணல் கயிற்றால் கட்டிய விடைத்தாள் கட்டுகள் வீட்டுக்கு வரும். கூடத்தில் பாய் விரித்து, சிவப்பு மை பேனாவோடு உட்கார்ந்துவிடுவார். கூட்டி மொத்தம் போடுவது என் வேலை. ஒரு நாள் ஒரு தாளில் நான்காம் வரியில் ஒரு வட்டம், ஆறாம் வரியில் ஒரு வட்டம், ஐந்துக்கு மூன்று மதிப்பெண். கீழே விடை சரியாக இருந்தது. அந்தப் பையன் நான்காம் வரியில் கழித்தல் குறியை விட்டிருக்கிறான், ஆறாம் வரியில் தேவையில்லாமல் ஒன்றைப் போட்டிருக்கிறான். தப்பும் தப்பும் சேர்ந்து சரியாகிவிட்டது. "விடை சரிதானே அப்பா?" என்று கேட்டேன். "இந்தக் கணக்குக்குச் சரி. அடுத்த கணக்கில் இதே பிள்ளை என்ன செய்வான்?" என்றார். நேற்றைய ஆட்டத்துக்கு நான் மதிப்பெண் போடுவது அந்தச் சிவப்பு மையால்தான்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடியோ எறிந்தோ, நான்கு வாய்ப்புகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். அந்த வாய்ப்புக்கு டவுன் என்று பெயர். பத்து கெஜம் கடந்துவிட்டால் மறுபடி நான்கு டவுன் கிடைக்கும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. அதன் பிறகு ஓர் உதைக்கு இன்னும் ஒரு புள்ளி. முன்னேற வழியில்லை என்றால் பந்தை உயர உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடலாம். அதுதான் பன்ட். ஒரே அணிக்குள் தாக்குதல், தற்காப்பு, ஸ்பெஷல் டீம்ஸ் எனப்படும் உதைப் பிரிவு என்று மூன்று அணிகள் இருக்கின்றன. ஆடுகிறவர்கள் மாணவர்கள், பார்க்க வந்தவர்கள் தொண்ணூறாயிரத்துக்கும் மேல்.

உதைப் பிரிவிலிருந்து தொடங்குகிறேன். நூற்றுக்கு 20.

முதல் கால் பகுதியில் நம் தற்காப்பு அலபாமாவை நிறுத்தி, பன்ட் உதைக்க வைத்துவிட்டது. பந்து மேலே எழுந்து இறங்கியது. பிடிக்க நின்ற முதலாம் ஆண்டு மாணவர் கையில் பட்டு நழுவியது, அலபாமா பாய்ந்து எடுத்தது. அடுத்த சில நொடிகளில் ஜேஸ் மெக்லெலன் 34 கெஜம் ஓடி டச்டவுன். தற்காப்பு செய்த வேலை முழுவதும் பாழாகி, ஏழு புள்ளி தானமாகப் போனது. அந்தப் பிள்ளையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நேற்று இரவே வேண்டிய அளவுக்கு எழுதித் தீர்த்துவிட்டார்கள். அந்த உயரத்திலிருந்து இறங்கும் பந்தை, எதிரணி பாய்ந்து வரும் நேரத்தில், அண்ணாந்து பார்த்தபடி பிடிப்பது எவ்வளவு கடினம் என்று ஒரு முறை மைதானத்தில் நின்று பார்த்தால் தெரியும். என் கோபம் பயிற்சியாளர்கள் மேல்தான். நவம்பர் 25க்குப் பிறகு பெரிய ஆட்டம் என்று ஒரே ஒன்றுதான் இருந்தது. ரோஸ் பவுலுக்கு முன் ஏறத்தாழ ஒரு மாதம் கையில் இருந்தது. அந்த மாதத்தில் எத்தனை பன்ட் பிடிக்க வைத்தார்கள்?

இரண்டாவது தப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. டைலர் மாரிஸ் 38 கெஜம் டச்டவுன் பிடித்து 13-7 ஆக்கிய பிறகு, கூடுதல் ஒரு புள்ளிக்கான உதை. பள்ளிப் பிள்ளைகளே தவறவிடாத உதை அது. பின்னால் வந்த பந்து ஒழுங்காக நிற்கவில்லை, உதைக்கவே முடியவில்லை. வழக்கமான நேரம் 20-20 என்று சமனில் முடிந்ததே, அந்த ஒரு புள்ளி இருந்திருந்தால்? அலபாமாவும் வேறு மாதிரி ஆடியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கடைசி ஒன்றரை நிமிடத்தில் பதற வேண்டியவர்கள் அவர்களாக இருந்திருப்பார்கள்.

நான்காவது கால் பகுதியில் தவறிய 49 கெஜ ஃபீல்ட் கோலுக்கு (கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) நான் ஒன்றும் கழிக்கவில்லை. அந்தத் தூரம் கல்லூரி உதைக்கு எளிதல்ல. எதிரணியின் வில் ரைகார்ட் 50 கெஜத்திலிருந்தும் 52 கெஜத்திலிருந்தும் அடித்தார் என்றால் அது அவருடைய பெருமை.

கடைசிப் பிழைக்குத்தான் எனக்கு மூச்சே நின்றது. ஆட்டம் 20-20. ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தது. அலபாமா பன்ட் உதைத்தது. பந்து எங்கள் எல்லைக் கோட்டை நோக்கி இறங்குகிறது. அதைத் தொடாமல் விட்டிருந்தாலே போதும். இந்த முறை பிடிக்க நின்றவர் வேறொரு மாணவர்; பிடிக்கப் போனார், நழுவவிட்டார், பந்து கோட்டை நோக்கி உருண்டது, துரத்திப் போய் எடுத்தார், ஒரு கெஜ இடைவெளியில் வீழ்த்தப்பட்டார். அங்கே அலபாமாவின் கை முதலில் பட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை. கோட்டுக்குப் பின்னால் விழுந்திருந்தாலும் இரண்டு புள்ளி, ஆட்டம் முடிந்தது. தரை விரிப்பில் உட்கார்ந்திருந்த என் மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா, யார் கையில் இருக்கிறது சொல்லு, யார் கையில் இருக்கிறது சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு வாய் வரவில்லை. கையிலிருந்த தேநீர் ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

அந்த 20 மதிப்பெண் எதற்கு என்றால், மற்ற மூன்று கூடுதல் உதைகளும் நேராகப் போயின. அதில் ஒன்று, ஆட்டத்தைச் சமன் செய்த உதை. முதலில் நடந்ததை நினைத்து அந்த இடத்தில் கால் நடுங்கியிருக்கலாம், நடுங்கவில்லை.

தற்காப்புக்கு 95. இவர்களைப் பற்றி எழுத எழுத மனம் நிறைகிறது. அலபாமாவின் தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோவை ஆறு முறை பந்தோடு வீழ்த்தினார்கள், அதில் ஐந்து முதல் பாதியிலேயே. எறிந்து அவர் எடுத்தது மொத்தமே 116 கெஜம். ஜார்ஜியாவைத் தோற்கடித்துவிட்டு வந்த அணி அது. நிக் சேபன் பயிற்றுவிக்கும் அணி, தயாராவதற்கு மூன்று வாரத்துக்கு மேல் கிடைத்த அணி. நம் தற்காப்புப் பயிற்சியாளர் ஜெஸ்ஸி மின்டர் எந்தப் பக்கத்திலிருந்து ஆளை அனுப்பப்போகிறார் என்று அவர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நடுவில் மேசன் கிரஹாம் ஒற்றை ஆளாக இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு போனதை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது அவருக்குப் போனது நியாயம்.

ஐந்து மதிப்பெண் கழித்தது நான்காவது கால் பகுதியின் தொடக்கத்துக்காக. அங்கே கால்கள் களைத்தன. மெக்லெலன் மறுபடி கோட்டைத் தாண்டினார், அலபாமா 17-13 என்று முன்னே போனது. தாக்குதல் அணி அவர்களுக்கு ஓய்வு கொடுக்கவில்லை என்பதும் காரணம்.

அந்தக் கடைசித் தடுப்பு! கூடுதல் நேரத்தில் இரு அணிக்கும் எதிரணியின் 25 கெஜக் கோட்டிலிருந்து தலா ஒரு வாய்ப்பு. நாம் ஏற்கெனவே டச்டவுன் போட்டுவிட்டோம். அலபாமாவுக்கு நான்காவது டவுன், மூன்றே கெஜம். இரு தரப்பும் மாறி மாறி டைம் அவுட் கேட்டார்கள். நாள் முழுதும் தடுமாறிய அவர்களுடைய ஸ்னாப், அதாவது ஒவ்வொரு முறையும் பந்தைப் பின்னால் தருவது, அப்போதும் தாழ்வாக வந்தது. மில்ரோ குனிந்து எடுத்து நேராக நடுவில் பாய்ந்தார். டெரிக் மூர் தனக்கு எதிரே நின்றவரை அப்படியே பின்னுக்குத் தள்ளி மில்ரோவின் வழியிலேயே கொண்டுபோய் நிறுத்தியதைப் பார்த்தீர்களா? ஓட ஓர் அடி இடம் இல்லை. மில்ரோ அங்கேயே விழுந்தார். தாழ்ந்த ஸ்னாப்தான் காரணம் என்று இன்று பலர் எழுதுகிறார்கள். ஸ்னாப் சரியாக வந்திருந்தாலும் அந்தச் சுவரில் வழி இருந்திருக்காது என்பது என் முடிவு.

தாக்குதலுக்கு 75. இதில்தான் எனக்கும் மகளுக்கும் காலை முதல் வாக்குவாதம். நம் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி 27 எறிவுகளில் 17 சேர்த்து, 221 கெஜம், மூன்று டச்டவுன். இதற்கு 75 தானா என்கிறாள். மூன்றாவது கால் பகுதியை நினைத்துப் பார் என்கிறேன். ஒரு புள்ளிகூட இல்லை. முதல் பாதியில் அத்தனை வகை காட்டியவர்கள், இடைவேளைக்குப் பிறகு பூட்டிய வீடுபோல ஆகிவிட்டார்கள். ஆட்டத்தின் முதல் எறிவையும் மறக்க முடியாது. அலபாமாவின் கேலப் டவுன்ஸ் கையில் போய் விழுந்தது. அவர் கால் எல்லைக்கு வெளியே போயிருந்ததால் செல்லவில்லை. முந்தைய ஆண்டு டிசியூ அணியிடம் 51-45 என்று தோற்ற அரையிறுதியில், மெக்கார்த்தியின் இரண்டு எறிவுகளை எதிரணி பறித்து டச்டவுனாக்கியது. முதல் எறிவிலேயே அது எனக்கு ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது.

அதே பிள்ளைதான் 20-13 என்று பின்தங்கி, ஐந்து நிமிடம்கூட இல்லாத நேரத்தில், 75 கெஜம் அணியை நடத்திப் போனார். சொந்தப் பாதியிலேயே நான்காவது டவுன், இரண்டு கெஜம் பாக்கி. தவறினால் கதை முடிந்தது. நம் ஓட்டக்காரர் பிளேக் கோரம் ஓடப்போகிறார் என்று உலகமே நினைத்தது. அவர் பக்கவாட்டில் நழுவிப் போனார், மெக்கார்த்தி அவரிடமே எறிந்தார், 27 கெஜம். அதன் பிறகு மெக்கார்த்தி தானே ஓடினார். ரோமன் வில்சன் அந்தரத்தில் எழும்பி ஒன்றைப் பிடித்தார், 29 கெஜம். பிறகு அவரே டச்டவுன், 1:34 மீதி. ஆட்டத்தை வடிவமைத்த ஷெரோன் மூருக்கு அந்த ஓர் ஓட்டத்துக்கு முழு மதிப்பெண். மூன்றாம் கால் பகுதிக்கும் அவரே பொறுப்பு.

கோரத்துக்குத் தனியாக ஒரு சொல். 2022 நவம்பரில் முழங்கால் கிழிந்து பருவத்தையே இழந்தவர். கடந்த நவம்பரில் ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தில் தடுப்பு வரிசையின் ஸேக் ஸின்டருக்குக் கால் முறிந்தது. அதற்கு அடுத்த ஓட்டத்திலேயே டச்டவுன் போட்டு, ஸின்டரின் எண் 65ஐ விரல்களால் காட்டியவர். நேற்று அந்த ஸின்டர் இல்லாத வரிசைக்குப் பின்னால் நின்றுதான் ஓடினார். கூடுதல் நேரத்தில் இரண்டே ஓட்டம்: முதலில் எட்டு கெஜம், பிறகு மோதியவரிடமிருந்து சுழன்று விடுபட்டு பதினேழு. அந்தச் சுழற்சியை நான் இதுவரை ஒன்பது முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவுக்கு மதிப்பெண் போட எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. இந்தப் பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களும் வழக்கமான பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களும் அவர் தடையில் இருந்தார். எதிரணியின் சைகைகளைத் திருடினார்கள் என்ற விசாரணை முடியவில்லை. நேற்றைய வெற்றி அதைத் துடைத்துவிட்டது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது வேறு கணக்கு, அதற்கு வேறு தாள். மைதானத்தில் நான்காவது டவுனில் அவர் அணி பதறவில்லை, அதைப் பயிற்சியாளர் கணக்கில்தான் எழுத வேண்டும். உதைப் பிரிவின் 20உம் அவர் கணக்கில்தான் வரும். அந்தப் பிரிவை நடத்துபவர் அவருடைய மகன் ஜே ஹார்பா. வீட்டுப் பிள்ளை என்பதால் கேள்வி கேட்காமல் விடக் கூடாது. அந்த அறையில் இந்த வாரம் முதலில் உரக்கப் பேச வேண்டியவர் அப்பாதான்.

வாஷிங்டன் நேற்றிரவே டெக்சாஸை 37-31 என்று முடித்துவிட்டு வருகிறது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் எறியும் பந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவருக்கு ஏழு புள்ளியைச் சும்மா கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குவது அலபாமாவிடம் வாங்கியதைவிடக் கடினம்.

மகள் ஆன் ஆர்பரில், இதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கடைசிப் பன்ட் பிடிக்க நின்ற அந்த மாணவரை வகுப்புக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறாளாம். "பாவம் அம்மா, உருண்ட பந்தை விடாமல் எடுத்தாரே, அதற்காவது பாஸ் போடு, 35 கொடு" என்று கெஞ்சுகிறாள். எடுத்ததற்கு நானும் கும்பிட்டேன். தாளில் 20 தான் இருக்கிறது. திங்கட்கிழமை ஹூஸ்டனில் முதல் பன்ட் மேலே எழும்போது நாங்கள் இருவரும் இதே விரிப்பில்தான் உட்கார்ந்திருப்போம், இந்த முறை தலையணையைத் தூர வைத்துவிட்டு.