போர்வாளின் எடை பத்து கிலோ அல்ல

இடைக்காலப் போர்வாள் பத்து கிலோ எடை கொண்டது, எனவே கற்பனை ஆட்டங்களில் பெண் அதைச் சுழற்றுவது நடப்புக்குப் பொருந்தாது என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். எடை பற்றிய அந்தத் தகவல் சரியல்ல.

ஒற்றைக் கை வாள்கள் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை கிலோதான். ஆளுயர இரட்டைக் கை வாள்கூட இரண்டு, மூன்று கிலோ அளவில் நிற்கும். அதைவிடக் கனமானவை பெரும்பாலும் ஊர்வலத்துக்குச் செய்தவை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் வாள்களைத் தேடிப் பாருங்கள். பலவற்றுக்கு அளவுகளுடன் எடையும் இருக்கும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் இலவச விதிகளிலேயே நீள்வாளின் எடை 3 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.4 கிலோ.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள ராயல் ஆர்மரீஸ் ஆயுத அருங்காட்சியகத்தில் சுமார் 700 ஆண்டுப் பழமையான வாள்பயிற்சிச் சுவடி ஒன்று உள்ளது. எனக்கு மிகவும் பிடித்தது அதன் கடைசிப் பக்கங்கள்: நீண்ட அங்கி அணிந்த வால்புர்கிஸ் என்ற பெண், ஒரு கையில் வாளும் மறு கையில் சிறு வட்டக் கேடயமுமாக ஒரு பாதிரியாரோடு பயிற்சி செய்கிறாள்.