அல்மாட்டி வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவி

2022 ஜனவரி 5 அன்று, கசக்ஸ்தானின் பெரிய நகரமான அல்மாட்டியில், அரசுக்கு எதிரான போராட்டம் கலவரமாக மாறியிருந்த நேரத்தில், இன்டர்நெட் போய்விட்டது. என் அக்கா மகள் அப்போது அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். “மாமா, வெளியில ஒரே சத்தமா இருக்கு, எனக்கு ஒண்ணும் இல்ல, அம்மாகிட்ட சொல்லாதீங்க” என்று வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அதோடு சரி. அடுத்த ஐந்து நாளும் நாங்கள் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. அக்கா தட்டில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

10-ஆம் தேதி லைன் கிடைத்ததும் அவள் சொன்ன ஒரு விஷயம் இன்னும் என் மனதில் இருக்கிறது. “டிவி மட்டும் வந்துகிட்டே இருந்துச்சு மாமா. ஆனா அஜே அதைப் பார்த்து எதையும் நம்பல. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித்தான் என்ன நடக்குதுன்னு கேட்டுகிட்டாங்க.” அஜே என்றால் கசக் மொழியில் பாட்டி. அவள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா.

கசக் மொழியில் ‘உசுன் குலாக்’ என்று ஒரு சொல் உண்டு. நீண்ட காது என்று அர்த்தம். தபால், தந்தி எல்லாம் வருவதற்கு முன்னால் அந்தப் பெரிய புல்வெளியில் செய்தி ஒரு குதிரைக்காரரிடமிருந்து இன்னொருவருக்கு, வாய்வழியாகவே ஊர் ஊராகப் போய்ச் சேரும். அதற்குத்தான் அந்தப் பெயர். கபார், கசக்ஸ்தான் என்று தேசிய தொலைக்காட்சிகள், அரசு நாளிதழ்கள், மாகாணத்துக்கு மாகாணம் அரசுப் பத்திரிகைகள் என்று எல்லாம் இருக்கும் ஒரு நாட்டில், உயிருக்குப் பயந்த நாளில் ஒரு பாட்டி அந்த நீண்ட காதைத்தான் நம்பினார். அரசு ஊடகம் பொய் சொல்கிறது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அதைவிடப் பெரிய கேடு இது: நாளைக்கே அது உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது.

நம்பாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கலவரம் தொடங்கியதே மேற்கே ஜனாவ்சென் என்ற எண்ணெய் ஊரில், கார்களுக்குப் போடும் எரிவாயு விலை ஏறக்குறைய இரட்டிப்பாகி லிட்டருக்கு 120 டெங்கே (அந்த நாட்டுப் பணம்) ஆனதால். அதே ஊரில் 2011 டிசம்பர் 16 அன்று, நாட்டின் சுதந்திர தினத்தன்றே, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. குறைந்தது 16 பேர் செத்தார்கள். போக்கிரிகள் செய்த கலவரம் என்று அரசு சொன்னது. ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ எடுத்த வீடியோவில், ஓடுகிறவர்களை முதுகுப் பக்கமிருந்து சுடுவதும் விழுந்தவர்களை அடிப்பதும் தெரிந்தது. மறு வருடக் கடைசியில் ‘ரெஸ்பூப்லிகா’, ‘வ்ஸ்க்லியாத்’ பத்திரிகைகளையும், ஸ்டான் டிவி, கே பிளஸ் ஆகியவற்றையும் தீவிரவாதம் என்று சொல்லி நீதிமன்றங்கள் மூடின. மூடிய பிறகு டிவி என்ன சொன்னாலும் ஜனாவ்சென்காரர் எப்படி நம்புவார்?

சரி, 2022-க்கு வருவோம். நெட் இல்லாத அந்த நாட்களில் டிவியில் ஒரு ஆளைக் காட்டினார்கள். முகமெல்லாம் வீங்கி, கண்ணைச் சுற்றிக் கன்றிப்போயிருந்தது. வேலை இல்லாமல் இருந்தேன், 90,000 டெங்கே தருவதாகச் சொன்னார்கள், போராட்டத்தில் சேர வந்தேன் என்று அவர் சொல்கிறார். கலவரத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் இறக்கினார்கள் என்று அரசு சொன்னதற்குச் சாட்சியாக அவரைக் காட்டினார்கள். பக்கத்து நாடான கிர்கிஸ்தானில் அதைப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் அந்த நாட்டுத் தலைநகர் பிஷ்கெக்கின் பெயர்பெற்ற ஜாஸ் பியானோ கலைஞர். பெயர் விக்ரம் ருசாகுனோவ். (ஆமாம், விக்ரம்தான். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கும் ஒரு நிமிஷம் ஏதோ செய்தது.) கிர்கிஸ் அரசு கேட்டதும் விட்டுவிட்டார்கள். ஊர் திரும்பியபின் அவர் சொன்னார்: ஒப்புக்கொண்டால் சீக்கிரம் நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லாக்கப்பில் பேசிக்கொண்டார்கள், அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

அந்த வீடியோ ஒளிபரப்பாகும் முன் எத்தனை பேர் கையைத் தாண்டி வந்திருக்கும்? ஒருவராவது அந்த முகத்தைப் பார்த்து, “இவரை யார் அடித்தது?” என்று கேட்டிருக்க வேண்டாமா? கேமராக்காரர், எடிட்டர், செய்தி வாசிப்பவர் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டிலும் வாடகை உண்டு, பிள்ளைகளுக்கு ஃபீஸ் உண்டு. அல்மாட்டி டிவி அலுவலகங்களுக்குள் கும்பல் புகுந்து அடித்து நொறுக்கியதையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கேள்வி கேட்கும் பழக்கமே இல்லாமல் வளர்த்த அலுவலகத்தில், கேட்டே ஆகவேண்டிய நாளில் கேள்வி எங்கிருந்து வரும்?

அந்தப் பழக்கத்தை அழித்தது பெரும்பாலும் பணம்தான். அங்கே ‘அரசு ஆர்டர்’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ‘கோஸ்ஸகாஸ்’ என்பார்கள். அரசு ஊடகத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், தனியாருக்கும் உண்டு. அமைச்சகமும் மாகாண நிர்வாகமும் கோடிக்கணக்கான டெங்கேயை ஒப்பந்தமாகக் கொடுத்து, இந்தத் தலைப்பில் இத்தனை கட்டுரை, இத்தனை நிமிடம் நிகழ்ச்சி என்று வாங்குகின்றன. பெரும்பாலும் இது பணம் வாங்கி எழுதியது என்று போடுவதில்லை. சின்ன ஊர்ப் பத்திரிகைக்கு விளம்பரம் எவ்வளவு வரும்? இந்த ஆர்டர் இல்லாவிட்டால் அச்சகக் கூலி கொடுக்க முடியாது. அப்புறம் ஆளுநர் அலுவலகத்தைப் பற்றி எப்படி எழுதுவது? 1995 அரசியல் சாசனத்தின் 20-ஆவது பிரிவு தணிக்கையைத் தடை செய்தது. ஆனால் இந்த ஆர்டர், தணிக்கை அதிகாரிக்கு வேலையே வைக்காத ஏற்பாடு.

பணத்துக்கு மசியாதவர்களுக்கு வேறு வழி. 2002-இல் ரெஸ்பூப்லிகா அலுவலகத்துக்கு வெளியே தலை வெட்டிய நாயைத் தொங்கவிட்டார்கள். சில நாளில் அலுவலகத்தையே கொளுத்தினார்கள். 20 வருடம் கழித்து, 2022-இல், ஓர்டா இணைய இதழின் அலுவலகத்துக்குப் பெட்டியில் பன்றித் தலை வந்தது. 2019-இல் ஓரல் நகரச் சதுக்கத்தில் ஒரு இளைஞர் எதுவுமே எழுதாத வெற்று அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுதாவிட்டாலும் பிடிப்பார்கள் என்று காட்டத்தான் நின்றார். பிடித்தார்கள்.

இதை எழுதும்போது அஹ்மத் பைதுர்சினோவ் ஞாபகம் வருகிறது. 1913-இல் ஓரன்பர்க்கில் ‘கசக்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். பத்திரிகை மக்களின் கண், காது, நாக்கு என்று எழுதினார். கசக் ஒலிகளுக்கு ஏற்றபடி அரபு எழுத்தைச் சீர்திருத்தியதும் அவர்தான். 1937-இல் சோவியத் அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. 2022-இல் அவருடைய 150-ஆவது பிறந்த ஆண்டை அரசே கொண்டாடியது. அதே வருட ஜனவரியில்தான் மக்களின் கண்ணையும் காதையும் ஐந்து நாள் அடைத்துவைத்தார்கள். எனக்கு இது தாங்கவில்லை. அந்த மனிதருக்கு மாலை போடுகிறவர்கள், அரசுப் பணத்தில் எழுதிய ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே அதைச் சொல்ல வேண்டும், ஒப்பந்தங்களை முழுசாக வெளியிட வேண்டும் என்று ஒரு சட்டமாவது கொண்டுவரட்டும்.

அந்த ஜனவரியில் செத்தவர்கள் 238 பேர் என்பது அரசுக் கணக்கு. 7-ஆம் தேதி, எச்சரிக்காமல் சுட உத்தரவிட்டிருப்பதாக அதிபர் தொக்காயெவ் டிவியில் சொன்னார். அன்று அல்மாட்டியில் குடும்பத்தோடு காரில் போன நான்கு வயதுப் பெண் குழந்தை குண்டு பட்டுச் செத்தாள். செத்தவர்களின் பட்டியலை வெளியிட அரசுக்கு ஆகஸ்ட் வரை ஆனது. அதற்கு வெகு முன்பே அசாட்டிக் (ரேடியோ லிபர்ட்டியின் கசக் பிரிவு) வானொலிக்காரர்களும், மனித உரிமைக்காரர்களும், கையில் பணமில்லாத சின்ன இணைய இதழ்க்காரர்களும் இறந்தவர்களின் வீடுகளைத் தேடிப் போய் பெயர்களைச் சேர்க்க ஆரம்பித்திருந்தார்கள். என்ன பெயர், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு வெளியே போனார், குண்டு எங்கே பட்டது என்று, கதவு கதவாகத் தட்டி.