ஆமாம், அந்த ஆப்பின் பின்னால் கணினி இல்லை, ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார். அதனால் என்ன?

பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு இன்னொரு நண்பரும் அதே ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி "பார்த்தியா கூத்தை" என்று கேட்டார். இனி முடியாது.

எந்த ஸ்கிரீன்ஷாட் என்று உங்களுக்கே தெரியும். பழுதுபார்க்க ஆள் தேடித் தரும் அந்தச் சின்ன ஆப். உள்ளே தானாக ஆளைத் தேர்ந்தெடுக்கும் அல்காரிதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை; ரெண்டு பேர் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மெக்கானிக்குகளுக்கு ஒவ்வொருவராக போன் போடுகிறார்கள் என்று ஸ்டார்ட்அப்களைப் பற்றி மேடையில் பேசும் நம் வழிகாட்டி அண்ணன் "அம்பலப்படுத்தி"யிருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அம்பலப்படுத்த அதில் என்ன இருக்கிறது? ஒரு ஸ்டார்ட்அப்பின் முதல் வெர்ஷன் அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

"வாஷிங் மெஷின் ஓடல" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறவரிடம் அடுத்து என்ன கேட்டால் சரியான ஆளை அனுப்ப முடியும்? அவருக்குக் குறைந்த கூலி முக்கியமா, இன்றைக்கே வருவது முக்கியமா? வருகிறேன் என்று சொன்ன மெக்கானிக் வராவிட்டால் திட்டு யாருக்கு விழும்? கமிஷன் யார் தருவார், கூப்பிட்டவரா, வேலைக்குப் போனவரா? இதில் ஒன்றுக்குக்கூட ஏசி அறையில் உட்கார்ந்து விடை கண்டுபிடிக்க முடியாது. போனை எடுத்துத் திட்டு வாங்கினால்தான் தெரியும். தெரிந்த பிறகு எழுதுகிற மென்பொருள் நிரல் வேறு. தெரியாமல் எழுதினால் பாதியைத் தூக்கிப் போட வேண்டிவரும். அந்தப் பிள்ளைகள் இப்போது செய்துகொண்டிருப்பது இந்த வேலையைத்தான்.

இதில் எனக்கு எங்கே எரிகிறது தெரியுமா? அண்ணன் மேடை ஏறினால் முதல் ஸ்லைடே இணையத்தில் ஷூ விற்ற சப்போஸ் நிறுவனத்தின் கதைதான். 1999ல் நிக் ஸ்வின்மர்ன் கடை கடையாகப் போய் ஷூவைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார், ஆர்டர் வந்தால் அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார், கையில் சரக்கே இல்லை, ஆஹா என்ன துணிச்சல்! கைதட்டல். அடுத்த ஸ்லைடு, வீட்டுக்கே உணவு கொண்டுவரும் டோர்டேஷ். 2013ல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் சிலர் உணவகங்களின் மெனுவை பிடிஎஃப்பாக ஒரு பக்கத்தில் ஏற்றி, ஒரு போன் நம்பரைப் போட்டார்கள். ஆர்டர் எடுத்ததும் அவர்களே, காரில் கொண்டு போய்க் கொடுத்ததும் அவர்களே. அதற்கும் கைதட்டல். அதையே நம் கண்ணெதிரில் யாராவது செய்தால் மட்டும் கூத்து. அங்கே செய்தால் துணிச்சல், இங்கே செய்தால் ஏமாற்று. நல்ல நியாயம்.

"தானியங்கி மாதிரி காட்டிக்கொண்டார்களே, அது பொய் இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். ஆப்பைத் திறந்து பார்த்தாரா தெரியவில்லை. முதல் பக்கத்திலேயே "எங்கள் குழு உங்களைத் தொடர்புகொள்ளும், சில மணி நேரம் ஆகலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். குழு என்றால் மனுஷங்கதானே ஐயா?

இன்னொருவர் ஒரு படி மேலே போய் "தெரானோஸும் இப்படித்தான் ஆரம்பித்தது" என்று எழுதிவிட்டார். அதைப் படித்தபோது உண்மையிலேயே கை நடுங்கியது. தெரானோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் இயந்திரத்தில் ரத்தப் பரிசோதனை நடப்பதாகச் சொல்லிவிட்டு, பெரும்பாலான சோதனைகளை வேறு நிறுவனங்களின் இயந்திரங்களில் செய்தது. நோயாளிகளுக்குத் தப்பான முடிவுகள் போயின. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022ல் அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸை நீதிமன்றம் குற்றவாளி என்றது. அதையும், மெக்கானிக்குக்கு போன் போடும் ரெண்டு பேரையும் ஒரே வரியில் வைக்க எப்படி மனசு வருகிறது? மருந்து, பணம், அடுத்தவருடைய அந்தரங்கத் தகவல் — இந்த மூன்றிலும் அரைகுறையாக இறங்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். இங்கே அந்த மூன்றும் எங்கே வந்தது?

"முதல் அபிப்பிராயம் கெட்டுவிடுமே" என்பதும் ஒரு வாதம். முதல் ஐபோனில் காப்பி-பேஸ்ட் கிடையாது. 2007ல் வந்த போனுக்கு அது 2009ல்தான் கிடைத்தது. மறுபக்கம் குவிபி, போனில் பார்க்கக் குட்டிக் குட்டி வீடியோ தொடர்கள் தந்த சேவை. 175 கோடி டாலர் திரட்டி, எல்லாவற்றையும் பளபளவென்று தயார்செய்து 2020 ஏப்ரலில் இறங்கினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் மூடியாயிற்று. அபிப்பிராயத்துக்கு அங்கே என்ன குறை?

சொந்தக் கதை ஒன்று. பெயர் வேண்டாம், முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனம். கணக்கு வைக்கும் மென்பொருள் ஒன்றைக் கட்டிக்கொண்டே இருந்தோம். "இன்னும் கொஞ்சம் மெருகேற்றிட்டு வெளியிடலாம்" என்பது மேலாளரின் தாரக மந்திரம். டார்க் மோடு வந்தது, நான்கு மொழிகள் வந்தன, யார் எதைப் பார்க்கலாம் என்று பன்னிரண்டு வகை அனுமதி வந்தது. ஒரே ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டிப் பார்ப்போம் என்று நான் சொன்னபோதெல்லாம் "உனக்குப் பொறுமை பத்தாது" என்று பதில். கடைசியில் காட்டினோம். வந்தவர் டார்க் மோடைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதை எக்ஸெல்லில் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். அது ஒன்றுதான் எங்களிடம் இல்லை. அப்புறம் குழுவைக் கலைத்தார்கள். மேலாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, அது வேறு கதை.

பிறகு நான் தனியாக ஒரு சின்னப் பொருளைச் செய்து, ஒரு கூட்டத்தில் காட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் "இது வெறும் ஃபார்ம் தானே?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. ஃபார்ம்தான். அதை நிரப்பி, பணமும் கட்டி, அடுத்த மாதம் திரும்பி வந்தவர்கள் இருந்தார்கள். சிரித்த சத்தத்தில் அதைக் காட்டிய ஸ்லைடை யாரும் பார்க்கவில்லை. இன்று அந்தச் சிரிப்புப் பொம்மைகளைப் பார்த்ததும் அந்த அறைதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். "உனக்கென்ன இவ்வளவு கோபம், உன் கம்பெனியா?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்தப் பிள்ளைகளை நான் பார்த்ததுகூடக் கிடையாது.

அண்ணன்மேல்கூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவருக்குக் கூட்டம் வேண்டும், கூடியது. ஆனால் சிரித்தவர்கள் பட்டியலில் என் நண்பர்கள் இருக்கிறார்கள். அதில் மூன்று பேர் என்னிடம் "ஒரு ஐடியா இருக்கு, பத்திரமா வெச்சிருக்கேன்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள். யார் யார் என்று அவரவருக்குத் தெரியும். எப்போது வெளியே விடப் போகிறீர்கள் என்று நான் கேட்டதும் இல்லை, சிரித்ததும் இல்லை.

கமென்ட்டில் வந்து "ஆனாலும்..." என்று ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு: உங்கள் வீட்டில் ஓடாமல் கிடக்கும் ஏதாவது ஒன்றை அந்த ஆப்பில் பதிவுசெய்யுங்கள். ஆள் வந்தாரா, வேலை முடிந்ததா, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்துவிட்டு வாருங்கள். வரவே இல்லையென்றால் அதையும் இங்கேயே எழுதுங்கள், அழிக்க மாட்டேன்.