‘பிடித்தது’ என்றுதான் எழுதினேன், ‘சிறந்தது’ என்று எழுதவில்லை

முந்தாநாள் நான் போட்ட வீடியோ கேம் பட்டியலையும் அதன் கீழே நடந்த கூத்தையும் பலரும் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு குரூப்புகளில் ஓட்டியதும் எனக்குத் தெரியும். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

முதலில் ஒன்று. நான் எழுதியது ‘எனக்கு மிகவும் பிடித்த 10 கேம்கள்’. உலகத்திலேயே சிறந்த 10 என்று எங்கும் எழுதவில்லை. பிடித்தது வேறு, சிறந்தது வேறு. சிறந்தது எது என்று உட்கார்ந்து பேசலாம், சண்டை போடலாம், அதில் நான் தோற்றும் போகலாம். பிடித்ததில் எப்படித் தோற்பேன்? எனக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பது எனக்குத்தானே தெரியும்?

‘எல்டன் ரிங் இல்லாததெல்லாம் ஒரு லிஸ்ட்டா?’ என்று கேட்டவர்களுக்கு: விளையாடினேன். 2022-ல் வந்ததுமே தொடங்கிவிட்டேன். தொடக்கத்திலேயே வழிமறிக்கும் மார்கிட் என்ற வில்லனிடம் எத்தனை முறை செத்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. கடைசிவரை முடித்தேன். அபாரமான கேம். சிறந்த கேம்களுக்குப் பட்டியல் போட்டால் மேலேதான் வைப்பேன். ஆனால் முடித்த மறுநாள் மனம் அதைத் தேடவில்லை. வேறு காரணம் கிடையாது.

கஷ்டமான கேம் என்றால் எனக்குப் பயமாம். பட்டியலில் 3-ஆவது இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? ஐ.ஜி.ஐ. என்ற துப்பாக்கிச் சண்டை கேம். 2000-ல் வந்த அந்த கேமில் மிஷனுக்கு நடுவே சேவ் பண்ண முடியாது. அரை மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து கடைசிக் கட்டிடம் வரை வந்திருப்போம். எங்கோ டவரில் நிற்கிறவன் சுட்டுவிடுவான். மறுபடி முதலிலிருந்து. அதை முடித்தவளிடம் வந்து பயம் என்று சொல்லாதீர்கள்.

அடுத்தது கிராஃபிக்ஸ். ‘டெட்ரிஸை எல்லாம் 2-ஆவது இடத்தில் வைப்பாங்களா?’ வைப்பேன். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதை எழுதிய எலெக்ட்ரானிகா 60 கணினியில் படம் வரையவே வழியில்லை. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். 7 வடிவங்கள், ஒவ்வொன்றிலும் 4 கட்டங்கள். அவ்வளவே. 1989-ல் நின்டென்டோ கேம் கருவியில் வந்த டெட்ரிஸை 2023 டிசம்பரில் 13 வயதுப் பையன் ஒருவன் அது உறைந்து நிற்கும்வரை விளையாடிக் காட்டினான். அந்த கேம் வந்தபோது அவன் பிறக்கவே இல்லை. அவனிடம் போய் கிராஃபிக்ஸ் பற்றிக் கேளுங்கள்.

‘எல்லாம் சின்ன வயசு ஞாபகம்’ என்றும் சிலர். பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2012-ல் வந்த ஜர்னியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அப்போது நான் குழந்தை இல்லை. பேச்சு கிடையாது, பெயர் தெரியாது, ஒரு கூவல் மட்டும்தான். இணையம் வழியாக விளையாடும் யாரோ ஒருவர் கூடவே வந்தார். பனிமலையில் என் கழுத்துத் துண்டு சுருங்கச் சுருங்க, அவர் ஒட்டி நின்றார். தொட்டால் துண்டு மறுபடி ஒளிரும். அவர் பெயரே எல்லாம் முடிந்த பிறகுதான் திரையில் வந்தது. இதில் எந்தச் சின்ன வயசு ஞாபகம் இருக்கிறது?

சரி, இதெல்லாம் பரவாயில்லை. என்னைக் குத்தியது ஒரே ஒரு கமெண்ட். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை முதலிடத்தில் வைத்ததற்கு: ‘அண்ணன் விளையாடும்போது பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்தவங்க எல்லாம் லிஸ்ட் போட வந்துட்டாங்க.’

வேடிக்கை பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கீபோர்டு. ஆரோ கீ நான்கும் அண்ணனுக்கு, ஷிஃப்ட் கீ எனக்கு. அந்த கேமைத் தெரிந்தவர்களுக்கு ஷிஃப்ட் என்றால் என்னவென்று தெரியும். விளிம்பைப் பிடித்துத் தொங்குவது, முள்ளுக்கு முன்னால் அடி அடியாக எடுத்து வைப்பது, மருந்தைக் குடிப்பது, வாளால் குத்துவது எல்லாம் அதுதான். அவன் தாண்ட வைப்பான், நான் பிடிக்க வேண்டும். இமைக்கும் நேரம் தாமதித்தால் இளவரசன் கீழே விழுந்து செத்துக் கிடப்பான். கேமை முடிக்க இருப்பதே 60 நிமிடம். என் விரல் வியர்த்து கீயில் வழுக்கும், பாவாடையில் துடைத்துக்கொள்வேன்.

4-ஆவது லெவலில் கண்ணாடிக்குள் பாய்ந்து தாண்டும்போது நிழல் உருவம் ஒன்று வெளியே வரும். 12-ஆவது லெவலில் அதோடு சண்டை. நான் ஷிஃப்டை அழுத்தி அழுத்திக் குத்தினேன். அதைக் குத்தினால் நம் உயிரைக் காட்டும் சிவப்பு முக்கோணமும் குறைகிறது. எத்தனையோ நாள் அதே இடத்தில் செத்தோம். ஒரு நாள் அண்ணன் ‘கையை எடு’ என்றான். எடுத்தேன். அவன் கீழ் ஆரோவை அழுத்தினான். வாள் உறைக்குள் போனது. நிழலும் வாளை உறையில் போட்டது. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி ஓடி ஒன்றாகிவிட்டன. நாங்கள் இரண்டு பேரும் கத்திய கத்தலில் அம்மா ஓடி வந்துவிட்டாள்.

பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, 1989-ல் அதை ஆப்பிள் 2 கணினிக்குச் செய்த ஜோர்டான் மெக்னர், தன் தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் இளவரசனின் அசைவுகளை வரைந்தார் என்று. நினைவகத்தில் இன்னொரு ஆளுக்கு இடமில்லாததால் இளவரசனின் படங்களையே மாற்றி அந்த நிழலை உண்டாக்கினார். அண்ணனும் தம்பியுமாகச் செய்ததை நாங்கள் அண்ணனும் தங்கையுமாக முடித்தோம். இதை எந்த மார்க் ஷீட்டில் போடுவீர்கள்?

அந்தக் கமெண்டுக்குச் சிரிப்புக் குறி போட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதில் என் அண்ணனும் இருக்கிறான்.

கவனிக்காமல் போட்டிருப்பான், அப்படித்தான் இருக்க வேண்டும். ஃபோனில் அவன் பெயர்வரை இரண்டு முறை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். இந்தப் பதிவை எப்படியும் படிப்பான். ஷிஃப்ட் கீயில் யார் கை இருந்தது என்று அவனே கீழே எழுதட்டும். முதலிடத்தை நான் மாற்றப் போவதில்லை.