ஓட்டிஸ் ரெடிங் விட்டுப்போன டேப்புகள்

மறைந்த பாடகர் பெயரில் புது ஆல்பம் வந்தால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். குரலைத் தவிர மற்றதையெல்லாம் யார், எப்போது வாசித்தார்கள்? அட்டையில் இதற்கு ஒழுங்கான பதில் இல்லையென்றால் கொஞ்சம் உஷாராகிவிடுவது நல்லது.

1975இல் வந்த ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'கிராஷ் லேண்டிங்' ஒரு பாடம். கிடாரும் குரலும் ஹெண்ட்ரிக்ஸுடையவை. கூட வாசித்தவர்களின் ட்ராக்குகளை அழித்துவிட்டு, அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து ஸ்டுடியோ வாத்தியக்காரர்களை உட்காரவைத்து அந்த இடத்தை நிரப்பினார்கள். 1981இல் நாஷ்வில்லில் இன்னொரு கூத்து: கண்ட்ரி பாடகர்கள் ஜிம் ரீவ்ஸ், பேட்ஸி கிளைன் இருவரும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆன பிறகு, சேர்ந்து ரெக்கார்டிங்கே செய்யாத அவர்களின் குரல்களை ஒட்டி ஒரு டூயட். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் காத்திருப்பதில்லை. கறுப்பின அமெரிக்கர்களின் சோல் பாட்டில் இந்த ஒட்டு வேலை இன்னும் சீக்கிரம் பல்லிளிக்கும். பாடகர் தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி விழுவார், டிரம்மர் அதைக் கேட்டுப் பிடித்துக்கொள்வார். அந்தக் கொடுக்கல் வாங்கலை எட்டு வருஷம் கழித்து வந்தவரால் வாசிக்க முடியாது.

சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் விஷயத்தில் இப்படி ஒட்டு வேலை நடக்கவில்லை. 1967 டிசம்பர் 10, விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் மொனோனா ஏரியில் விமானம் விழுந்தபோது அவருக்கு 26 வயது. அதற்குச் சில மாதம் முன்புதான் தொண்டையில் அறுவை சிகிச்சை. பாடக்கூடாது, பேசக்கூடாது என்று சில வாரம் வாயைக் கட்டிவைத்திருந்துவிட்டு, நவம்பர் கடைசியில் மெம்ஃபிஸ் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவுக்கு வந்தார். டிசம்பர் முதல் வாரம் வரை பாடித் தள்ளினார். செத்த பிறகு வெளிவந்த நல்ல பாட்டுகளில் பெரும்பாலானவை அந்தச் சில வாரங்களின் விளைச்சல்.

ஸ்டாக்ஸ் இருந்தது மக்லெமோர் அவென்யூவில் ஒரு பழைய சினிமா தியேட்டர். நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டார்கள், தரையின் சரிவு அப்படியே கிடந்தது. கிடாரில் ஸ்டீவ் கிராப்பர், பேஸில் டக் டன், டிரம்ஸில் அல் ஜாக்சன், பக்கத்தில் ஹார்ன்காரர்கள், அதாவது ட்ரம்பெட், சாக்ஸபோன் ஊதுபவர்கள். எல்லோரும் ஒரே அறையில் நின்று வாசிப்பதுதான் அங்கே வழக்கம். ஹார்ன் பகுதிகளுக்கு நோட்டேஷன் கிடையாது. ஓட்டிஸ் வாயாலேயே பாடிக்காட்டுவார், அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அவர் பாட்டில் பின்னணிக் குரல்கள் செய்ய வேண்டிய வேலையைப் பெரும்பாலும் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் செய்வது இதனால்தான்.

இப்போது பேலட், அதாவது மெதுவாகப் போகும் காதல் பாட்டு. அடித்தளம் 1965இன் 'ஐவ் பீன் லவ்விங் யூ டூ லாங்'. ஜெர்ரி பட்லருடன் சேர்ந்து எழுதியது. நம் கணக்கில் சொன்னால் நாலு அடி, ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும் திஸ்ர நடை. முன்னிசை என்று எதுவும் இல்லை, குரல்தான் கதவைத் திறக்கிறது. ஒரு சொல்லை எடுத்து, கார்வை கொடுத்து நீட்டி, அதன் வாலை உடைக்கிறார். ஹார்ன்கள் படிப்படியாக மேலேறுகின்றன. படி ஏற ஏறக் குரல் கெஞ்சலாகிறது. இதில் இரண்டு பதிவு உண்டு: மோனோவில் (எல்லாம் ஒரே சேனலில்) வந்த சிங்கிள், அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டு ஒன்று, அதே ஆண்டு ஜூலையில் 'ஓட்டிஸ் ப்ளூ'வுக்காக ஸ்டீரியோவில் மறுபடி பாடியது இன்னொன்று. என் ஓட்டு சிங்கிளுக்கு.

அதைக் கேட்ட சூட்டோடு 'ஐவ் காட் ட்ரீம்ஸ் டு ரிமெம்பர்' போடுங்கள். மனைவி ஸெல்மாவுக்கும் எழுதியதில் பங்குண்டு. 1968 ஜூனில் வந்த 'தி இம்மார்ட்டல் ஓட்டிஸ் ரெடிங்' ஆல்பத்தில் இருக்கிறது. அதே திஸ்ர நடை, ஆனால் தொண்டை வேறு. பழைய கரகரப்பு ஓரமாகப் போய், நடுவில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. காதலியை வேறொருவன் கையணைப்பில் பார்த்தவன் பாட்டு. அவன் வெறும் நண்பன் என்கிறாள் அவள். அவன் உன்னை மறுபடி மறுபடி முத்தமிட்டதைப் பார்த்தேனே என்கிறான் இவன். அந்த 'மறுபடி' வரும் இடத்தில் மட்டும் காதை வையுங்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரே சொல், ஒரே மாதிரி ஒருமுறையும் விழாது. கோபம் பாதியில் களைப்பாகிறது. 1965இன் ஓட்டிஸ் இந்த இடத்தில் கத்தியிருப்பார். என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த பேலட் இதுதான். எல்லோரும் கொண்டாடும் 'டாக் ஆஃப் தி பே' அல்ல. இதே பாட்டை வேறு வரிகளோடு பாடியது 'ரஃபர் ட்ரீம்ஸ்' என்ற பெயரில் 1992இன் 'ரிமெம்பர் மீ' தொகுப்பில் கிடைக்கும்.

'டாக் ஆஃப் தி பே'யைக் குறைத்துச் சொல்லவில்லை. கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) எல்லாமே மேஜர், பளிச்சென்று ஒலிப்பவை. ஜி, பி, சி, ஏ என்று சிரித்த முகமாகப் போகும் வரிசைமேல் வேலைவெட்டியில்லாத சோகத்தை வைத்தது சாமர்த்தியம். 1968 மார்ச்சில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் பாடகர் இறந்த பின் வெளிவந்து முதலிடம் பிடித்த முதல் பாட்டு இது. அலையோசையும் கடற்பறவைச் சத்தமும் அவர் போன பிறகு கிராப்பர் சேர்த்தவை. இது மட்டும் ஒட்டு வேலை இல்லையா என்று கேட்கலாம். 'ரிமெம்பர் மீ'யில் உள்ள ஆரம்ப டேக்குகளை (முதல் முயற்சிப் பதிவுகளை) கேளுங்கள், ஓட்டிஸே வாயால் பறவை போலக் கத்தி விளையாடுகிறார். அவர் கோடு போட்டார், கிராப்பர் ரோடு போட்டார்.

வாங்கப் போகிறவர்களுக்கு: 'தி டாக் ஆஃப் தி பே' ஆல்பத்தில் தலைப்புப் பாட்டைத் தவிரப் பெரும்பாலும் ஏற்கெனவே வந்த பாட்டுகள்தான். கடைசிப் பதிவுகள் வேண்டுமென்றால் 'இம்மார்ட்டல்', அதற்கடுத்து 'லவ் மேன்' (1969). அதில் 'ஃப்ரீ மீ'யை விட்டுவிடாதீர்கள். 'டெல் தி ட்ரூத்' (1970) அடிவண்டல். ரசிகர்கள் மட்டும் தொடலாம். 'விஸ்கி ஆ கோ கோ' நேரடிப் பதிவும் 1968இல்தான் வந்தது, ஆனால் பாடியது 1966 ஏப்ரலில். கூட இருப்பது ஸ்டாக்ஸ் ஆட்கள் அல்ல, அவருடைய சுற்றுப்பயணக் குழு. ஹார்ன்கள் அங்கங்கே ஸ்ருதி விலகும், வேகம் அதை மன்னிக்க வைக்கும்.

போனில் கேட்பவர்கள் பேஸ் பூஸ்ட்டை அணைத்துவிடுங்கள். அது டக் டன்னை ஊதிப் பெருக்கி ஓட்டிஸின் மூச்சை அமுக்கிவிடும். மோனோ மிக்ஸ் கிடைத்தால் அதையே எடுங்கள். அந்தக் காலத்து ஸ்டீரியோவில் வாத்தியங்களை இடது ஓரம் வலது ஓரம் என்று பிரித்து வைத்துவிடுவார்கள், ஹெட்போனில் கேட்டால் ஒரு குழுவே இரண்டு அறையில் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும்.