வரிசையில் நிக்கிறவன் பேயனோ?

"நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில படிச்சனாங்கள். உங்களுக்கு என்ன குறை?" போன கிழமை ஒரு கூட்டத்தில் ஒரு தகப்பன் மகனைப் பார்த்துக் கேட்டார். சனம் கை தட்டியது. ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கு அது. நானும் அந்த விளக்கில் படித்தவன்தான். தொண்ணூறுகளில், போர்க் காலத்தில், இலங்கையின் வடக்குக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை, பற்றரி இல்லை, சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த காலம். ஆனாலும் எனக்குக் கை தட்ட மனம் வரவில்லை.

எங்களுக்குத் தடை போட்டது ஆரென்று எங்களுக்குத் தெரியும். கஷ்டம் வெளியில் இருந்து வந்தது. ஊர்ப் பெரியாக்கள் மேல் வைத்த நம்பிக்கை பெரும்பாலும் குலையவில்லை. (பெரும்பாலும்தான். அப்பவும் மண்ணெண்ணெய் பதுக்கினவை இருந்தவை.)

நாடே காசில்லாமல் முறிந்த 2022 அப்படி இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். ஏப்ரல் 12, வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. 2021 டிசம்பரில் எழுதவேண்டிய ஓ.எல். (சாதாரண தர) சோதினையை, கொரோனாவில் இழுபட்டு, மே 23 அன்றுதான் பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். யூன் முடிய பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அதுவும் கிடைத்தால்தான்.

என்னட்டை ரியூசனுக்கு வந்த ஒரு பெடியன். பதினாறு வயது, கணக்கில் புலி. சோதினை முடிந்த கையோடு தகப்பன் அவனை மோட்டார் சைக்கிளோடு பெற்றோல் செட் வரிசையில் நிப்பாட்டிவிட்டார். இரண்டு இரவு. ராங்க் மேல் சோக்கட்டியால் எழுதின நம்பர், கையில் ஒரு பிஸ்கட் பைக்கற். இரண்டாம் நாள் விடியப்புறம் தகப்பன் வந்து, "எழும்பு, போவம், நான் எடுத்திட்டன்" என்றார். கையில் இரண்டு கான். பின் கேற்றால், தெரிஞ்ச ஆளிட்டை வாங்கினது. பெடியனுக்குப் பின்னால் நின்ற சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

"சேர், வரிசையில நிக்கிறவன் பேயன் எண்டு அப்பாவே காட்டித் தந்திட்டார்."

தகப்பன் கெட்ட மனுசன் இல்லை. ஓட்டோ ஓடாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அவருடைய இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ, தெரியாது. ஆனால் பிள்ளை அந்தக் கணக்கைப் போடாது. "நேர்மையா இரு, படி, அரசாங்க உத்தியோகம் எடு" என்று பதினாறு வருசம் சொன்ன வாயும் கான் தூக்கின கையும் ஒரே ஆளுடையது. அதை மட்டும்தான் அது பார்க்கும்.

அதுக்குப் பிறகு அவன் வகுப்புக்கு வரவில்லை. பகல் முழுக்க நித்திரை, இரவில் போன். தாய் ஏதும் கேட்டால் கோப்பை பறக்கும். யூலை 9 சனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் சனம் குதிக்கிற வீடியோவை எனக்கும் அனுப்பினான், கீழே சிரிப்புப் படம் போட்டு. ஐந்து நாளில் சனாதிபதி கோட்டாபய பதவி விலகினார். "அடுத்து வாறவனும் உதுதான் சேர்" என்று எழுதினான். பதினாறு வயதில் வரக்கூடாத சலிப்பு அது.

நாங்கள் இதுக்கு வைத்த பேர் "போன் விசர்". பாடசாலையில் உளவளத்துணைக்கு ஒரு ஆசிரியை இருந்தா, அவவே விஞ்ஞானமும் படிப்பிக்க வேணும். 1926 என்று இலவசமாகக் கதைக்கக்கூடிய மனநல இலக்கம் இருக்கிறதே, அதை எத்தனை வீட்டில் சொல்லிக் கொடுத்தோம்? பிள்ளை தவறினால் ரியூசன் மாற்றுவோம், நேர்த்தி வைப்போம், கடைசியில் வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சிக்குக் காசு கட்டுவோம்.

எனக்குக் கோபம் பஞ்சத்தில் இல்லை. அந்த நேரத்தில் நாங்கள் செய்ததைப் பற்றி வீட்டில் ஒரு சொல் கதைக்காமல், ஜாம் போத்தலைத் தூக்கிக் காட்டுகிறோமே, அதில்தான். "அண்டைக்கு நான் செய்தது பிழை, பயத்தில செய்தன்" என்று ஒரு தகப்பன் சொன்னால் மரியாதை குறையுமென்று எனக்குப் படவில்லை.

போன மாதம் அந்தப் பெடியனின் தகப்பனைக் கோயிலடியில் கண்டு, மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "உதெல்லாம் அவன் எப்பவோ மறந்திருப்பான் சேர்" என்றார்.

பெடியன் இப்ப கட்டாருக்குப் போகப் பாஸ்போட் எடுத்து வைத்திருக்கிறான். பின்னேரம் றோட்டில் கண்டேன். வேறு ஏதோ கதைத்துக்கொண்டு நின்றவன், நான் கேட்காமலே சொன்னான்: "அண்டைக்கு என்ர நம்பர் 214 சேர். இன்னும் பதினொரு பேர்தான் முன்னுக்கு நிண்டவை."